பத்திரம்னா சொத்துப் பத்திரம் மட்டும்தானா?

நேத்து நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. அக்கா பொண்ணு வெளிநாடு கிளம்புறா, "பத்திரமா போயிட்டு வாடா தங்கம்"னு ஒரே ஒரு வரி போட்டேன். உடனே ஒரு மொழி அறிஞர் வந்து "அவ என்ன வீட்டுப் பத்திரமா, லாக்கர்ல வைக்க? பாதுகாப்பாகன்னு எழுதுங்க"ன்னாரு. அதுக்கு ஏகப்பட்ட ஹாஹா, அதுல ரெண்டு என் சொந்த ஃப்ரெண்ட்ஸ் போட்டது. சரி விடுங்க.

ஐயா, அது வேற பத்திரம், இது வேற பத்திரம். ரெண்டுமே வடமொழியில இருந்து வந்ததுதான். ஒண்ணு இலை, ஏடு. வில்வ பத்திரம், பத்திரிகை எல்லாம் அந்தக் குடும்பம். இன்னொண்ணு நலம், மங்களம், பத்ரகாளியில இருக்கே அது. அங்க ரெண்டுக்கும் 'ப' வேற வேற, நம்மகிட்ட ஒரே 'ப'தான், அதனால ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி நிக்குது. இது தெரியாம என்னைத் திருத்த வந்துட்டாரு.

"வடமொழியை ஏன் புழங்குறே"ன்னு அடுத்து ஒருத்தர் வருவீங்க. நீங்க சொல்ற 'உஷார்' மட்டும் சங்கத்தமிழா? போங்க.

ஜாக்கிரதைங்கிறது ஆபத்தைப் பார்த்துச் சொல்ற வார்த்தை, அதான் போர்டுல நாய்க்குப் பக்கத்துல எழுதுறோம். பாதுகாப்புன்னா கூடவே நாலு போலீஸ் வர்ற மாதிரி இருக்கு. பத்திரம் மட்டும்தான் ஆளைப் பார்த்துச் சொல்றது. ஆளைப் பார்த்து!

"பொண்ணுங்களுக்கு மட்டும்தானே சொல்றீங்க"ன்னு ஒரு தங்கச்சி கேட்டா. அது நியாயம். எனக்கும் காலேஜ் வரைக்கும் பத்திரம்னா இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வான்னுதான் அர்த்தம், எரிச்சலா வரும். ஆனா எங்கப்பா என் தம்பிக்கும் அதையேதான் சொல்வாரு. ரயில் நகர ஆரம்பிச்சதும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நாலடி கூட நடந்து வந்து, "பத்திரம்". அவ்ளோதான், வேற பேச மாட்டாரு. அவரை ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனப்ப எனக்கு வாயில வேற எதுவுமே வரல, "பத்திரமா போயிட்டு வாங்கப்பா"ன்னேன். "நான் என்ன பஸ்ஸா ஏறப் போறேன்"னு சிரிச்சாரு. அப்ப அந்த அறிஞர் பக்கத்துல இருந்திருந்தா அதையும் திருத்தியிருப்பாரோ என்னவோ.

ஹாஹா போட்ட ரெண்டு பேருக்கும் எங்கப்பாவைத் தெரியும். அதான் வலிக்குது.

பொண்ணு போய் இறங்கிட்டா. காலைல மெசேஜ்: "பத்திரமா வந்துட்டேன் சித்தி." யாராவது அவரைக் கூப்பிட்டு இதையும் திருத்தச் சொல்லுங்க.