'எல்லா என்ஜிஓவும் ஒண்ணுதான்' என்றவருக்கும், அதைப் பகிர்ந்தவர்களுக்கும்

எந்த விவாதம், பேசியது யார் என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை. என்ஜிஓக்கள், அதாவது அரசு சாராத தொண்டு நிறுவனங்கள் பற்றிய அந்த டிவி விவாதத்தின் வீடியோத் துண்டுதான் இந்த வாரம் முழுக்க எல்லார் டைம்லைனிலும் ஓடுகிறது. "தமிழ்நாட்டுல என்ஜிஓ நடத்துறவன் எல்லாம் டாலர்ல வாங்கி ரூபாயில கணக்குக் காட்டுறவன்." உடனே கைதட்டல். நெறியாளர் முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் என் சித்தப்பா. போட்டதோடு நிற்கவில்லை, தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் பெயரையும் டேக் செய்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் மூஞ்சியையும் ஒட்டியிருந்தார். வயதில் பெரியவர், அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எல்லாம் ஒன்று இல்லை. இதையே இந்தப் பதிவில் பல முறை சொல்லப்போகிறேன், அலுத்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் அதில் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகம் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், இறகுப்பந்து கிளப், சாதிச் சங்கம் என்று இன்னும் என்னென்னவோ அதே சட்டத்தில்தான் பதிவாகின்றன. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுத வேண்டும். லாப நோக்கமில்லாத கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அது கம்பெனிப் பதிவாளர் வசம். வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமானால் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு. மகாராஷ்டிராவில், அது பம்பாய் மாநிலமாக இருந்த 1950லேயே, பொது அறக்கட்டளைகளுக்குத் தனிச் சட்டம் போட்டு, அதற்கென்று ஓர் ஆணையரையும் வைத்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு பதிவேடு. இதெல்லாம் ஒரே கும்பலாம்!

அந்த விவாதத்தில் பேசியவர் வீசினாரே, 'முப்பது லட்சம் என்ஜிஓ' என்று? அது 2015ல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கை ஒட்டிய எண். இந்தியா முழுமைக்கும் உரியது, அதுவும் சங்கமாகப் பதிவான எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. நிதி வாங்கியது, வாங்காதது, பெயர்ப்பலகையோடு செத்துப்போனது எல்லாம் அதில் உண்டு. அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்றும் அதே வழக்கில்தான் வெளிவந்தது. இதை நான் மறைக்கவில்லை. கணக்குக் கொடுக்காதவர்களைப் பிடியுங்கள். கொடுக்கிறவனை எதற்குத் திட்டுகிறீர்கள்?

இப்போது சித்தப்பாவிடம் ஒரு கேள்வி. அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை எங்கே நடந்தது? ஊரில் முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்ப ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீங்கள்தானே முதலில் சிரித்தீர்கள்? அந்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நடத்துவது ஓர் அறக்கட்டளை. 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கியது. உங்கள் கணக்கில் அது 'ஆஸ்பத்திரி'. நான் வேலை பார்ப்பது மட்டும் என்ஜிஓ, இல்லையா?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993ல் சென்னையில் 'தி பான்யன்' தொடங்கிய இருவரும் அப்போது இருபதுகளில் இருந்த பெண்கள். கீழத்தஞ்சையில் நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் பட்டா வாங்கிக் கொடுத்தது கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கியில் ஒரு குடிசையில் ஆரம்பித்த மருத்துவமனை இன்று பழங்குடி மக்களே வேலை பார்க்கும் இடமாகிவிட்டது. இவையெல்லாம் ஒரே மாதிரியா? ஒன்றின் வேலை நிலம், ஒன்றின் வேலை கண். இதில் எது டாலர் கும்பல் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

'பெரிய பெயர்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்கிறாய், திருட்டு டிரஸ்ட்டுகளைச் சொல்ல மாட்டாய்' என்று பின்னூட்டம் வரும், தெரியும். சொல்கிறேனே. கல்லூரிக்கு டிரஸ்ட் பலகை மாட்டிக்கொண்டு சீட்டுக்குப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்திறங்கியவர்களில் பலர் மீனவர்களைக் கேட்காமலே ஃபைபர் படகாக வாங்கிக் குவித்தார்கள். தேவைக்கு மேல் படகு, கடலில் மீன் அதே அளவு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே நாகையில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்களும், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்த்தவர்களும் இருந்தார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

'மதமாற்றம்' என்று எழுதப்போகிறவர்களுக்கு: எங்கள் படிப்பகத்தில் சொல்லித்தருவது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. அவ்வளவுதான்.

உண்மையில் என்னைச் சுடுவது இன்னொரு தரப்பு. என் தோழர்கள். 'அரசு செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்வதால்தான் அரசு தப்பித்துக்கொள்கிறது' என்பார்கள். இது மதிக்க வேண்டிய வாதம், ஒரு காலத்தில் நானும் பேசியதுதான். ஆனால் புதுக்கோட்டையை மறந்துவிட்டீர்களா? 1990களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கம். மாவட்ட நிர்வாகம் ஒரு பக்கம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தொண்டர்கள் ஒரு பக்கம் என்று சேர்ந்து இழுத்த தேர் அது. பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பணமும் திட்டமும் அரசுடையவை. ஊர் ஊராகப் போய், மாமியாரிடம் அனுமதி கேட்டு, மருமகளை வெளியே உட்காரவைத்து, வரவு செலவு நோட்டு எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? தொண்டு நிறுவனத்துக் களப்பணியாளர்கள். இன்று அந்தக் குழுக்களைக் காட்டித்தான் எல்லாக் கட்சியும் மேடையில் பேசுகிறது. வேரில் தண்ணீர் ஊற்றியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அது போகட்டும், குறைந்தபட்சம் 'ஏஜென்ட்' என்று சொல்லாமல் இருக்கலாம் அல்லவா?

இந்த ஏஜென்ட் பட்டமும் புதிது கிடையாது. 2012ல் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது, பின்னால் அமெரிக்க என்ஜிஓக்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே ஓர் அறிவியல் இதழுக்கான பேட்டியில் சொன்னார். இடிந்தகரைப் பெண்கள் பட்டினி கிடந்ததெல்லாம் டாலருக்காகவா? ஆட்சி மாறியது, குற்றச்சாட்டு மாறவில்லை. 2020ல் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் குறிப்பிட்ட ஒரே ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். வாங்கியவர் அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக்கூடாது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய அமைப்புகள் வக்கீல் வைத்துச் சமாளித்துக்கொண்டன. அவர்களிடம் கொஞ்சம் வாங்கிக் கிராமத்தில் வேலை செய்த குட்டி அமைப்புகள்தான் கதவைச் சாத்தின. எங்கள் சங்கத்துக்கு இந்தக் கவலையும் இல்லை, ஏனென்றால் எஃப்சிஆர்ஏவே இல்லை. ஒரு டாலரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழ் கொடுப்பதற்காக ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரிடமும் பான் எண் கேட்டு, மே 31க்குள் வருமானவரித் துறைக்குப் படிவம் ஏற்றுகிறோம். கேட்டால் பாதிப் பேர் 'பான் எதுக்கு, வேண்டாம் விடுங்க' என்று பணத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதுதான் ஐயா எங்கள் டாலர் வாழ்க்கை.

அப்புறம் சம்பளம். எவ்வளவு பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். 'சேவைன்னா எதுக்குச் சம்பளம்?' எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்களாம்: "சம்பளம் வாங்குதா, இல்ல சும்மா போயிட்டு வருதா?" வாங்குகிறாள் என்றதும் எவ்வளவு என்று கேட்டு, தொகையைச் சொன்னதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். வாங்கினால் திருடி, குறைவாக வாங்கினால் பிழைக்கத் தெரியாதவள். இப்போது அவள் ஒரு தனியார் வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருக்கிறாள். சம்பளம் இரண்டு மடங்கு. நான்தான் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் 'அக்கா எப்ப வருவாங்க' என்று கேட்கிறார்கள். டிவியில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் வந்து சொல்லட்டும் அதற்குப் பதில்.

நிர்வாகச் செலவு என்று கணக்கில் வருவதில் பாதி இந்த மாதிரிப் பெண்களின் சம்பளம்தான். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கேட்டுப் போனாலும் கட்டடத்துக்குத் தருவார்கள், டேப்லெட்டுக்குத் தருவார்கள், போட்டோ எடுக்கிற மாதிரி எதற்கும் தருவார்கள். சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு மட்டும் தர மாட்டார்கள். இதைப் பற்றி ஒரு விவாதம் வையுங்கள், நானே வந்து உட்காருகிறேன்.

'நாங்க எல்லாரையும் சொல்லலை' என்று கீழே எழுத வேண்டாம். அவர் 'எல்லாம்' என்றுதான் சொன்னார், நீங்கள் அதைத்தான் பகிர்ந்தீர்கள். சந்தேகம் இருந்தால் அமைப்பின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். எங்கள் சங்கத்தின் மீதுதான் சந்தேகம் என்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், தணிக்கை அறிக்கை அனுப்புகிறேன், சித்தப்பா உட்பட. பெயர் சொல்லாமல் 'என்ஜிஓ கும்பல்' என்று வரும் பின்னூட்டங்களை அழித்துவிடுவேன். கருத்துச் சுதந்திரம் பற்றிய வகுப்புக்கு இன்றைக்கு எனக்கு நேரமில்லை, ஆறு மணிக்குப் படிப்பகம் திறக்க வேண்டும்.