டிஎஸ்எச் நார்மல் என்றால் பேச்சு முடிந்துவிட்டதா?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுக்கும் எங்களைப் பற்றிய அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "டிஎஸ்எச் நார்மல் வந்த பிறகும் களைப்பு, களைப்பு என்று வந்து நிற்கிறார்கள்" என்று டாக்டர் சொல்ல, எதிரே இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தாரே, அதுதான். டாக்டர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிஎஸ்எச் என்பது தைராய்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் ஹார்மோன். ஆனால் அது தைராய்டு சுரப்பதல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. அந்த எண் சரியாக இருந்தால் பிட்யூட்டரிக்குத் திருப்தி என்று அர்த்தம். நாம் விழுங்கும் மாத்திரையில் இருப்பது டி4 என்ற தைராய்டு ஹார்மோன். உடம்பு அதை டி3 என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றிக்கொண்டால்தான் வேலை நடக்கும். அந்த மாற்றம் உடம்பின் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மாத்திரை எடுத்து, டிஎஸ்எச் அளவுக்குள் வந்த பிறகும் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத் தொந்தரவு தொடர்கிறது என்று மருத்துவ இலக்கியமே சொல்கிறது. இது நான் கிளப்பிவிட்ட கதை இல்லை.

என் பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் பிறந்த தேதி எழுத வேண்டியிருந்தது. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், பெற்ற பிள்ளையின் பிறந்த தேதி வரவில்லை. அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ரிப்போர்ட்டில் 2.8 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "எல்லாம் நார்மல்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். அதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அப்போ டோஸைக் கூட்டச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். டி3 சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. 1999இல் ஒரு சிறிய ஆய்வு அதில் பலன் இருப்பதாகச் சொன்னது; பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதை உறுதி செய்யவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

"களைப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும்" என்பவர்களுக்கு: அதைத்தானே நானும் சொல்கிறேன்! அந்த ஆயிரத்தில் ஒன்றையாவது தேடினார்களா? ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்தின் அளவு), வைட்டமின் பி12, தூக்கத்தில் மூச்சுத் தடை, மன அழுத்தம், மாத்திரை சரியாக உறிஞ்சப்படுகிறதா என்பது... எதையும் கேட்கவில்லை. வேறொரு டாக்டர்தான் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். தரைமட்டத்தில் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். எல்லாம் தீரவில்லை, ஆனால் பாதி நாள் எழுந்து நடமாட முடிகிறது. டிஎஸ்எச் நார்மல் என்பதோடு பேச்சை முடிக்காத ஒருவர் கிடைத்ததால் வந்தது இது.

"உடம்பு வணங்காததற்கு ஒரு சாக்கு" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சீவும்போதெல்லாம் கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்தால், நாலு படி ஏறுவதற்குள் கால் துவண்டால், அப்போது பேசுங்கள்.

டாக்டர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. நீங்கள் அங்கே போடும் வட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்து எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. "டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?" இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! காய்ச்சலில் படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அதே மனிதர்கள்தான்.

நேற்று ஒரு பெண் உள்பெட்டியில் எழுதியிருந்தாள். அவள் கணவர் ரிப்போர்ட்டைப் படமெடுத்து, "எல்லாம் நார்மல்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். இனி அவள் பகலில் கொஞ்சம் தலை சாய்த்தால் அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? தங்கச்சி, உனக்கு என்னென்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. ஃபெரிட்டினும் பி12உம் பார்க்கலாமா என்று கேள். உன் பேச்சை நம்பும் ஒருவரைக் கூட அழைத்துப் போ.