மேட்ச் பார்க்கும் பிள்ளை யார் கணக்கில்?

நேற்று தெருமுனைக் கடையில் என் மகள் அழுதுவிட்டாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அழுதது 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்காக. இத்தனைக்கும் அந்தக் காரம் அவளுக்கு ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் ஸ்டிக்கர்தான் வேண்டும். "இன்னும் ஒண்ணுதான்ப்பா வரல" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு பாக்கெட்டை என்னிடமே நீட்டினாள்.

அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. விற்பதற்காகத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கிற வயதா அது?

சட்டம் இல்லாமலில்லை. தேவையில்லாததைப் பரிசு காட்டிப் பிள்ளைகளை வாங்க வைக்கும் விளம்பரம் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலேயே விதி போட்டுவிட்டது. பாக்கெட்டின் மேலுறையும் விளம்பரம்தான் என்கிறது 2019 நுகர்வோர் சட்டம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

ஆனால் அதே விதியில் எனக்கு ஆறாத ஒரு இடம் உண்டு. சிப்ஸ், குளிர்பான விளம்பரங்களுக்குத் தடை எங்கே தெரியுமா? குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும் குழந்தைகளுக்கென்றே இருக்கும் சேனலிலும் மட்டும்தான். நம் வீடுகளில் பிள்ளைகள் கார்ட்டூனோடு நிற்கிறார்களா? ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் என் மகள் என் மடியில்தான். ஓவருக்கு ஓவர் குளிர்பான விளம்பரம். பாட்டியோடு சீரியல், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி. இதெல்லாம் 'குடும்ப நிகழ்ச்சி', அதனால் தடை கிடையாது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரமே செய்யக்கூடாது. 1980 முதல் அப்படித்தான். ஒரு பொம்மை கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 1989இல் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. அங்கே நிகழ்ச்சியின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. பொருள் யாருக்கானது, எப்படிக் காட்டுகிறார்கள், எந்த நேரத்தில் எங்கே வருகிறது, மூன்றையும் பார்க்கிறார்கள். நம் விதியிலும் இது வேண்டும்.

போன் வேறு இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்கள் போனில் என்ன பார்க்கிறார்கள் என்று பின்தொடர்ந்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லிவிட்டது. அதற்கான விதிகள் வந்ததே 2025 நவம்பரில். அதிலும் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதற்குள் என் மகள் மூன்றாம் வகுப்பையே முடித்துவிடுவாள்.

பாக்கெட்டை முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால், குப்பையில் போடுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.