எச்ஐவி மருந்து விலை பற்றி ஒரு திருத்தம்

அண்ணே, "எச்ஐவி மருந்துக்கு மாசம் ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) வேணும், தோட்டத்து ஆளுக்கு எட்டாத கனி"ன்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க. அது தவறு. மலேசியக் குடிமக்களுக்கு முதல்நிலை மருந்து, அதாவது சிகிச்சை தொடங்கும்போது கொடுக்கிற மருந்து, 2006லிருந்தே அரசாங்கச் செலவில் இலவசம். அதுக்கு முன்னாடி, 2003ல, சட்டம் தந்த உரிமையை வச்சு, காப்புரிமை இருந்த மருந்துகளையே இந்தியாவிலிருந்து மலிவா இறக்க அரசாங்கம் வழி செஞ்சது. விலை இறங்கினது அப்படித்தான்.

நம்ம பேராக் சுங்கை சிப்புட் பக்கம் தடையா இருக்கிறது விலை இல்ல, வேற விஷயம். கிளினிக்குப் போனா அன்னிக்குப் பால் வெட்டுற சம்பளம் போச்சு. மருந்து வாங்குற வரிசையில பக்கத்து லயத்து அக்கா பார்த்துட்டா என்ன செய்யறதுன்னு பயம் வேற. மாசாமாசம் இழுத்தடிக்காம மூணு மாச மருந்தை ஒரேதடவையா கொடுங்கன்னு கேட்போம். தோட்டத்துல நம்மளோட வேலை செய்யுற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்த இலவசம் கிடையாது. அதையும் சேர்த்துக் கேட்கணும்.

ஒழுங்கா மருந்து சாப்பிட்டு ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சவங்ககிட்டருந்து உடலுறவு மூலமா அது பரவாது. தொற்று வராம முன்கூட்டியே சாப்பிடுற பிரெப் மாத்திரையும் 2023லிருந்து சில அரசாங்க கிளினிக்குகள்ல கொடுக்கிறாங்க. உங்க பதிவைப் படிச்சிட்டு யாராவது பரிசோதனைக்குப் போகாம இருந்துடப் போறாங்க, தயவுசெஞ்சு அந்த வரியை மாத்திடுங்கண்ணே.