நேட்டோவைத் திருப்பிப் போட்டால் ஸ்பானியம் வந்துவிடாது

"ஆங்கிலச் சுருக்கத்தைப் பின்னாலிருந்து எழுதினால் ஸ்பானியச் சுருக்கம் கிடைத்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேட்டோ 'ஓடான்' ஆவதும், ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்) 'எஃப்.எம்.ஐ.' ஆவதும், இ.யு. (ஐரோப்பிய ஒன்றியம்) 'யு.இ.' ஆவதும் உண்மைதான். ஆனால் அது விதி இல்லை. ஸ்பானியத்தில் பெயரடை பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும், அதனால் சில இடங்களில் வரிசை தலைகீழாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

டி.என்.ஏ.வைத் திருப்பிப் பாருங்கள்: ஏ.என்.டி. வரும். ஸ்பானியத்தில் அது ஏ.டி.என். எய்ட்ஸ் 'சீடா' ஆகிறது. அதுவும் இப்போது சாதாரணச் சொல்லாகவே சிறிய எழுத்தில் எழுதப்படுகிறது. ஜி.டி.பி.க்கு (மொத்த உள்நாட்டு உற்பத்தி) பி.ஐ.பி.; திருப்பிப் போட்டாலும் நடுவில் ஐ எங்கிருந்து வரும்? முழுப்பெயரை மொழிபெயர்த்து, அதன் முதலெழுத்துகளை எடுப்பதுதான் வழி.

அதற்கும் விலக்கு உண்டு. நாசா, யுனிசெஃப், எஃப்.பி.ஐ. மூன்றும் அப்படியே நிற்கின்றன. நாசாவுக்கு முன்னால் 'லா' (ஆங்கில 'தி' போன்ற பெண்பால் சொல்) போடுவார்கள், ஏனென்றால் அதன் முழுப்பெயரில் உள்ள 'அட்மினிஸ்ட்ரேஷன்' ஸ்பானியத்தில் பெண்பால். எஃப்.பி.ஐ.க்கு ஆண்பாலான 'எல்'.

பன்மைதான் பலரும் சறுக்கும் இடம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸ்பானியப் பெயரான 'எஸ்டாடோஸ் யூனிடோஸ்' என்பதைச் சுருக்கும்போது இரண்டு சொற்களின் முதலெழுத்தையும் இரட்டித்து, ஈ.ஈ. யு.யு. என்று எழுதுவார்கள். ஓ.என்.ஜி. என்ற தொண்டு நிறுவனச் சுருக்கத்திலோ பன்மைக்கு எழுத்து எதுவும் சேராது. முன்னால் வரும் 'லாஸ்' ('லா'வின் பன்மை) போதும். ஆங்கிலப் பழக்கத்தில் கடைசியில் எஸ் ஒட்டுவதை ஸ்பானிய மொழி வழக்கை வகுக்கும் அமைப்பான ஸ்பானிய அரச அகாதெமி ஏற்பதில்லை.