வாதுமை பூத்து முடிந்த மாதம்

கொழும்பு கிறீன் பாத் நடைபாதையில், வேலியோரம் ஓவியங்களைச் சாத்திவைத்து விற்பவர்களிடையே நின்றபோது, எனக்குத் தெரிந்த ஓவியத் தம்பி ஒருவர், மனநலக் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளைத் தாம் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவற்றைக் குடித்தால் கற்பனை மங்கிவிடுமாம். “வான்கோ குளிசை குடித்தா வரைந்தார், அண்ணை?” என்று அவர் கேட்டதற்கு அந்த இடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒல்லாந்து ஓவியரான வான்கோ இன்றைய குளிசைகளைக் குடிக்கவில்லைதான். 1889 மே மாதத்தில், பிரான்சின் செயின்ற் ரெமியிலிருந்த மனநல விடுதியில் தாமாகவே போய்ச் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்த சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு தடவை நீண்ட நேரத் தொட்டிக் குளியல் மட்டுமே. (காதை அறுத்த கதையை எல்லோரும் அறிவர், அதை நான் நீட்டப்போவதில்லை.) அவருடைய புகழ்பெற்ற ‘நட்சத்திர இரவு’ ஓவியம் அங்கே வரையப்பட்டதால், அதை வரைந்தது பித்துதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அது வரையப்பட்ட ஜூன், அவர் தெளிவோடிருந்த மாதம். படுக்கையறைச் சாளரத்தில் கண்ட வானத்தை, கீழ்த்தள அறையில் பகல் வெளிச்சத்தில் இருந்து வரைந்தார். நோய் மீண்டும் தாக்கியது ஜூலையில். அப்போது அவர் வர்ணத்தையே விழுங்கினார். வாரக்கணக்கில் ஓவிய வேலை நின்றுபோயிற்று. தேறியதும், வேலையில் முழுமூச்சாக இறங்க முடிந்தால் அதுவே தமக்குச் சிறந்த மருந்தாகலாம் என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 860 தைலவண்ண ஓவியங்களைச் செய்தவருக்கு மாதாமாதம் பணம் அனுப்பியவரும் அந்தத் தியோதான். அது வராதிருந்தால், பித்து எத்தனை குழாய் வர்ணம் வாங்கியிருக்கும்?

கிறீன் பாத் ஓவியத் தம்பிக்கு நான் வாசித்துக்காட்ட விரும்புவது 1890 வசந்தத்தில் எழுதப்பட்ட கடிதமொன்றை. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று தியோவுக்கு மகன் பிறந்தான். அக்குழந்தைக்காக, நீல வானத்தின் முன்னே பூத்து நிற்கும் வாதுமைக் கிளைகளை வான்கோ வரைந்தார். பொறுமையோடு செய்த வேலை என்று அவரே சொன்ன ஓவியம் அது. அடுத்து நோய் விழுத்தியது; ஏறக்குறைய இரண்டு மாதம். எழுந்தபின், தொடர்ந்து வேலை செய்ய முடிந்திருந்தால் பூத்த மரங்களை இன்னும் வரைந்திருப்பேன் என்றும், இப்போது மரங்கள் பூத்து ஏறத்தாழ முடிந்துவிட்டன என்றும் தியோவுக்கு எழுதினார்.