தரை மட்டும் பளபளத்தால் போதுமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் குழந்தை ஒன்று வாந்தி எடுத்துவிட்டது. குழந்தை மேல் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் மாடியில் தொடங்கிய வயிற்றுப்போக்கு வீடு வீடாகப் பரவிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் வரலாம். என் வயிறு எரிவது அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான்.

மாப் வந்தது. கட்டடம் முழுவதற்கும் அந்த ஒரே மாப், ஒரே வாளி. பழந்துணியாலோ காகிதத்தாலோ முதலில் வழித்தெடுக்க வேண்டாமா? நேராக மாப்பை வைத்து இழுத்தார்கள். ஓரத்தில் கிடந்தது நடுவுக்கு வந்தது, நடுவில் கிடந்தது கதவு இடுக்குக்குள் போனது. வாளியில் முக்கி, பிழிந்து, மறுபடி இழுப்பு. தண்ணீர் பழுப்பாகிவிட்டது, மாற்றவில்லை. அதே தண்ணீரோடு முதல் மாடி நடை, இரண்டாம் மாடி நடை, கடைசியில் என் வீட்டு வாசல்! லிஃப்டுக்குள் வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டு, ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று குழுவில் போட்டோ போட்டார்கள். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் வேறு.

எது சுத்தம்? அந்த வாந்தியில் இருப்பது வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் நோரோவைரஸ் என்ற கிருமி என்றால், நூறுக்கும் குறைவான துகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். லிஃப்ட் வாசலில் தொங்கவிட்டிருக்கும் ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் சரியாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். தரையை முதலில் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்கு மேல் ப்ளீச் கரைசலைத் தடவிச் சில நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச்சில் இருக்கும் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே வீரியம் இழந்துவிடும்.

சரி, பட்டன்? மொத்தக் கட்டடத்தின் விரலும் படுகிற இடம் அது. பட்டனைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்து கிடக்கிறது. கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி எல்லாம் அப்படித்தான். யாரும் கை வைக்காத தரைக்கு மட்டும் தினமும் இரண்டு தடவை மாப்!

மாப் போட்ட துப்புரவுப் பணியாளர் அம்மாவைச் சொல்லி என்ன பயன்? அவருக்குக் கையுறைகூடக் கொடுக்கவில்லை, தனி மாப்புக்கு எங்கே போவார்? கேட்கப் போனால் நிர்வாகத்தில் சொல்கிறார்கள், ‘மாதாமாதம் வளாகம் முழுக்க மருந்துப் புகை அடிக்கிறோமே’ என்று. கொரோனா காலத்தில், 2020 மே மாதமே, தெருவிலும் திறந்தவெளியிலும் கிருமிநாசினி தெளிக்கப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. புகைக்குப் பணம் இருக்கிறது, ஒரு ஜோடி கையுறைக்கும் இரண்டு துணிக்கும் இல்லையா?

லிஃப்டே வேண்டாம், படியில் ஏறிக்கொள்ளலாம் என்று போனால் படி முழுக்கச் சைக்கிளும் செருப்பு அலமாரியும். நாளைக்கே தீப்பிடித்தால் எந்த வழியாக ஐயா இறங்குவது? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்!